சேலை கிழிந்த பிறகு

வலப்பனை டவுனில் வெயில் காயும் நேரத்தில் ராகலையில் ஸ்வெட்டர் போட்டிருப்பார்கள். இன்னும் மேலே, ஹைஃபொரஸ்ட் பக்கம் ஏறினால் அதுவும் போதாது. அந்தக் காலத்தில் இந்தக் குளிருக்குத் தேயிலைத் தோட்டம் கொடுத்தது ஒரு கம்பளி. அதையும் சும்மா கொடுக்கவில்லை. விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். பகலெல்லாம் அதைத் தலையில் போட்டு மழையில் கொழுந்தெடுத்தவள், இரவில் ஈரம் சொட்டச் சொட்ட அதையே பிள்ளைக்குப் போர்த்த முடியுமா? பழஞ்சேலை போர்வையானது அப்படித்தான்.

எங்கள் அப்பாயி தைக்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். மூன்று சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இஸ்தோப்புத் திண்ணையில் விரிப்பார். காற்றில் எழும்பாமல் மூலைக்கொரு கல். கொழுந்தெடுக்கும் சேலை இடுப்பில்தான் முதலில் நையும். அங்கேதான் படங்கு உரசும், செடி கிழிக்கும். முந்தானை கம்பளிக்குள் கிடந்ததால் சாயம் போகாமல் இருக்கும். ஆகவே இடுப்புத் துணி நடுவே, முந்தானை மேலே. கிழித்தெடுத்த கரையிலிருந்து நூலை உருவி, நெல்லளவு இடைவெளியில் நேராக ஓட்டிக்கொண்டே போவார். கொழுந்துச் சாறு ஏறிக் கறுத்த விரல்கள் பட்ட இடமெல்லாம் மங்கலாகக் கறை விழும். துவைத்தாலும் போகாது.

தைக்க நேரம் ஏது? விடியுமுன் அடுப்பு, பிறகு வேலை பிரிக்கும் பெரட்டு, பிள்ளைக்காம்பராவில் பிள்ளையை விட்டுவிட்டு மலைக்கு, மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு மறுபடி அடுப்பு. ஞாயிற்றுக்கிழமையும் வேலையில்லாத நாளும்தான் ஊசிக்கு. தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் வந்ததே 1984இல்தான். அதுவரை அவள் பேருக்குக் காசு குறைவு. சிங்கர் மெஷின் 1877இலேயே கொழும்புக்கு வந்துவிட்டது. எங்கள் பக்கம் அது ஏறி வந்தபோதும் அதன் முன்னால் உட்கார்ந்தவர் ஆண் டெய்லர். பெண்ணுக்குக் கைஊசி.

தோட்டத்துச் செக்ரோல் பதிவில் அவளுக்கு ஒரு பேர், எதிரே எடை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பேருக்கு நாடும் இல்லை. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்தது. மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார்கள். அக்கா இங்கே, தங்கை அங்கே. ஒப்பாரிக் கோச்சி என்று பேரான ரயிலில் தலைமன்னார் போய்க் கப்பலேறிய தங்கை விட்டுப்போன சேலையை அப்பாயி போர்வையில் சேர்த்துத் தைத்தார். இது கூடலூருக்குப் போனவளுடையது, இது மாமியாருடையது என்று விரல் வைத்துக் காட்டுவார். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அதைவிட்டால் வேறு பதிவேடு கிடையாது.

பாட்டுக்காவது ஆள் கிடைத்தது. மீனாட்சியம்மாள் நடேசய்யர் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாடினார், 1940இல் தம் பாடல்களை நூலாகவும் போட்டார். சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத்து நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தார். தையலைத் தேடி யாரும் லயத்துக்கு வரவில்லை.

அமெரிக்காவின் அலபாமாவில் வந்தார்கள். ஜீஸ் பெண்ட் என்ற ஊரில், பருத்தித் தோட்ட அடிமைகளின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் கிழிந்த வேலை உடுப்புகளை ஒட்டுப்போட்டுப் போர்வை தைத்தார்கள். மிஸூரி பெட்வே என்பவர் 1942இல், இறந்துபோன கணவரின் உடுப்புகளை வெட்டி ஒரு போர்வை தைத்தார், அவரை நினைத்துக்கொண்டு போர்த்திப் படுப்பதற்காக. அந்த ஊர்ப் போர்வைகள் 2002இல் நியூயோர்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவரில் தொங்கின; 2006இல் அமெரிக்கத் தபால் முத்திரையில் ஏறின. பஞ்சுக்குப் பதில் தேயிலை, அவ்வளவுதானே? அங்கே கந்தலாகுமுன் ஒருவர் வந்து கேட்டார். எங்கள் வீட்டில் போர்வை கால்மிதியானது, கால்மிதி கரித்துணியானது, பிறகு அடுப்புக்குப் போனது.

இன்றைக்கு லயத்தில் தவணைக்கு வாங்கிய பூப்போட்ட பொலியஸ்டர் போர்வை. பழையதைவிடச் சூடு. பழமைக்கு ஏங்குகிறவர்கள் தை மாதத்தில் ராகலைக்கு வந்து இரண்டையும் போர்த்திப் பார்க்கட்டும், எது வேண்டும் என்று தானாகத் தெரியும். கம்பளி இருந்த இடத்தில் பொலித்தீன், கூடை இருந்த இடத்தில் நைலோன் பை. மலைக்குச் சேலை கட்டிப் போகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். பாவாடைக்கு மேலே மகனுடைய பழைய டீஷர்ட் போதும். பிறகு போர்வைக்குச் சேலை எங்கிருந்து வரும்?

தைக்கிற பேத்தி கட்டுநாயக்கா ஆடைத் தொழிற்சாலையில் இருக்கிறாள். மெஷின் முன்னால் இப்போது அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள், ஆனால் காலை முதல் மாலை வரை கொலர் மட்டும். முழுச் சட்டையை அவள் கண்ணால் காண்பது கடைக் கண்ணாடியில்தான். தீபாவளிக்கு வரும்போது ஒரு பை நிறைய வெட்டுத்துண்டு கொண்டுவருகிறாள், தலையணைக்குள் அடைக்க.

இன்னொரு பக்கம், ஹட்டனைச் சேர்ந்த ஹனுஷா சோமசுந்தரம் பாவித்த தேயிலைப் பைகளையும் வடிகட்டிகளையும் எடுத்துத் தோட்ட வாழ்க்கையைக் கலையாக்குகிறார். ஹேமா ஷிரோனி துணியிலும் நூலிலும் வீட்டையும் இடப்பெயர்வையும் தைக்கிறார். இருவரும் பல்கலைக்கழகத்தில் கலை படித்தவர்கள். அவர்களுடைய படைப்புகள் கண்காட்சிக்குப் போகின்றன, விமர்சனம் எழுதப்படுகிறது. அப்பாயியின் கைத்திறன் இதற்குக் குறைந்தது என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. பெரட்டுக்கு ஓட வேண்டாத ஒரு காலை கிடைத்த பிறகுதான் இங்கே ஒரு பெண் தன் தையலுக்குக் கீழே பெயர் போட முடிந்தது.

கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் பழைய லயம் ஒன்றைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். யார் வீட்டு ட்ரங்குப் பெட்டியிலாவது சேலைப் போர்வை மிஞ்சியிருந்தால் அங்கே கொடுக்கலாம். கொடுக்குமுன் எது யாருடைய சேலை என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, ஒரு தாளில் எழுதி, போர்வையோடு ஊசி குத்திக் கொடுங்கள்.