வீட்டு இணையத்துக்கு ஒரு மீட்டர்

1994ஆம் ஆண்டின் கோடையில், இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலுள்ள டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கணினிகள் இருந்தன. அத்தனைக்கும் சேர்த்து வெளியுலகத்துக்கு ஒரே ஓர் இணைய இணைப்பு. அதன் வேகம் நொடிக்கு 64 கிலோபிட். இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு புகைப்படம் இறங்கவே அந்தக் கம்பியில் அரை நிமிடம் பிடித்துவிடும். வேகமான இணைப்பு வர இன்னும் ஓராண்டு ஆகும் என்ற நிலை. அங்கே பணியாற்றிய டோபியாஸ் ஓட்டிக்கர், கம்பியின் நிலவரத்தையாவது எல்லோரும் பார்க்கட்டும் என்று நினைத்தார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானே புதுப்பித்துக்கொள்ளும் ஒரு வரைபடத்தை வலைப்பக்கத்தில் ஏற்றினார். எந்நேரத்தில் கம்பி நிரம்புகிறது, எந்நேரத்தில் காலியாக இருக்கிறது என்பது முதல்முறையாகப் பயனாளிகளின் கண்ணுக்குத் தெரிந்தது. எம்ஆர்டிஜி என்ற பெயரில் 1995இல் அதை இலவசமாகவே வெளியிட்டார். நெட்வொர்க் கண்காணிப்பு என்றாலே இன்று நம் மனத்தில் வரும் பச்சை, நீல வரைபடம் அவர் பரப்பியதுதான்.

அன்று ஒரு பல்கலைக்கழகத்துக்கு இருந்ததைப்போல ஆயிரம் மடங்குக்கும் அதிகமான வேகம் இன்று சாதாரணக் குடும்பத்துக்கு வந்துவிட்டது. ஃபைபர் இணைப்பு, இரண்டு டிவி, வாசலில் கேமரா, ஆளுக்கொரு போன். பழைய லேப்டாப்பையோ ராஸ்பெரி பை போன்ற கையடக்கக் கணினியையோ சர்வராக்கி, புகைப்படங்களையும் படங்களையும் அதில் சேமித்து வைப்பவர்களும் பெருகிவருகிறார்கள். ‘அன்லிமிடெட்’ என்று விற்கப்படும் திட்டங்கள் பலவற்றில் மாதத்துக்கு இவ்வளவு ஜிபி என்ற வரம்பு சிறிய எழுத்தில் இருக்கும். அதைத் தாண்டினால் வேகம் சரிந்துவிடும். அப்போதுதான் கேள்வி எழுகிறது: இவ்வளவையும் இழுத்தது யார்?

பதில் தேடுவதற்கான கருவிகளை நிறுவுவது எளிது. லினக்ஸ் சர்வரில் விஎன்ஸ்டாட் என்ற சிறு மென்பொருளை ஒரே கட்டளையில் நிறுவலாம்; மணிவாரியாக, நாள்வாரியாக, மாதவாரியாகக் கணக்குச் சொல்லும். எந்தச் சாதனம் எந்தத் தளத்தோடு பேசுகிறது என்பதுவரை பார்க்க வேண்டுமானால் என்டாப்என்ஜி இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் வலுவான கணினி தேவை. இணையத்தில் செய்முறைகள் கொட்டிக்கிடக்கின்றன. கடினமான பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது. திரையில் தெரியும் எண்ணை நம்பலாமா என்பதே அது. பலரும் இதைக் கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள்.

நம்புவதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். வீட்டுக் கணினியோ ரவுட்டரோ பொதுவாக ‘இப்போதைய வேகம்’ என்ற ஒன்றை எங்கும் குறித்து வைப்பதில்லை. ஒவ்வோர் இணைப்பிலும் உள்ளே வந்த பைட்டுகளுக்கு ஒன்று, வெளியே போன பைட்டுகளுக்கு ஒன்று என இரண்டு கவுண்டர்கள் ஏறிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். வீட்டு வாசலில் இருக்கும் ஈபி மீட்டரைப் போன்றது இது. கணக்கெடுக்க வருபவர் இன்றைய எண்ணிலிருந்து போன முறை எண்ணைக் கழிக்கிறார். மென்பொருளும் அதையே செய்து, இடைப்பட்ட நொடிகளால் வகுத்து, ஒரு புள்ளி வைக்கிறது. வரைபடம் என்பது இந்தக் கழித்தல்களின் வரிசை. தவறுகளும் இந்தக் கழித்தலில்தான் நுழைகின்றன.

மிகப் பரவலான ஏமாற்றம் மீட்டர் இருக்கும் இடத்தால் வருவது. சர்வரில் விஎன்ஸ்டாட் ஓடுகிறது. மகன் தன் போனில் இரவெல்லாம் வீடியோ பார்க்கிறான். வரைபடமோ தரையோடு தரையாகக் கிடக்கிறது. மென்பொருளில் கோளாறு இல்லை. போனிலிருந்து வைஃபை வழியாக ரவுட்டருக்குப் போன பாக்கெட்டுகள் அங்கிருந்து நேரே வெளியே போய்விட்டன. சர்வரின் கேபிளில் அவை கால்வைக்கவே இல்லை. பழைய காலத்து ‘ஹப்’ பெட்டிகள் வந்த ஒவ்வொரு பாக்கெட்டையும் எல்லாக் கேபிள்களிலும் அனுப்பின. இன்றைய சுவிட்சுகள் உரியவருக்கு மட்டுமே அனுப்புகின்றன. வேகத்துக்கும் பாதுகாப்புக்கும் அது நல்லது. மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கவனிக்க நினைக்கும் சர்வருக்கு மட்டும் அது தடை.

இதே சர்வரில் நேர் எதிரான தவறும் நடக்கும். சர்வரில் இருக்கும் 4 ஜிபி படத்தை ஹாலில் உள்ள டிவியில் போட்டுப் பார்த்தால் வரைபடம் மலைபோல் எழும். இணையத்திலிருந்து ஒரு பைட்டும் வரவில்லை. வீட்டுக்குள்ளேயே நடந்த போக்குவரத்து அது. சர்வரின் நெட்வொர்க் அட்டைக்கு உள்ளூர், வெளியூர் என்ற பேதம் தெரியாது. மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் டாக்கரை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். அதன் மெய்நிகர் இணைப்புகளையும் உண்மையான இணைப்பையும் சேர்த்துக் கூட்டினால் ஒரே பாக்கெட் இரண்டு, மூன்று முறை எண்ணப்பட்டுவிடும். எந்த இணைப்பை எண்ணுவது என்று மென்பொருளிடம் பெயர் சொல்லிக் கட்டளையிட வேண்டும்.

வீடு முழுவதற்குமான கணக்கு வேண்டுமென்றால், வெளியே போகும் வாசல் ரவுட்டரில் இருப்பதால் அங்கேதான் எண்ண வேண்டும். ரவுட்டரில் எஸ்என்எம்பி என்ற கண்காணிப்பு நெறிமுறை வசதி இருந்தால், சர்வர் அதனிடம் அவ்வப்போது கவுண்டர் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஓப்பன்டபிள்யுஆர்டி என்ற திறந்தமூல ரவுட்டர் மென்பொருளைப் போட முடிந்த ரவுட்டர் என்றால் இன்னும் வசதி. இரண்டும் இல்லையென்றால், ‘போர்ட் மிரரிங்’ உள்ள ஒரு சுவிட்சை இடையில் வைத்து, கடந்துபோகும் எல்லாவற்றின் நகலையும் சர்வருக்குத் திருப்பலாம். இதில் ஒரு நிபந்தனை உண்டு. வைஃபை தருவதும் வெளியே அனுப்புவதும் ஒரே பெட்டியாக இருந்தால், அந்தப் பெட்டிக்குள்ளேயே முடிந்துபோகும் வழியை வெளியில் வைத்த சுவிட்ச் பார்க்க முடியாது. நிறுவனம் கொடுத்த பெட்டியில் வைஃபையை அணைத்துவிட்டு, சுவிட்சுக்கு இந்தப் பக்கம் தனி வைஃபை பெட்டி வைத்தால்தான் அது பயன்படும்.

இடம் சரியான பிறகும் எண்கள் ஏமாற்றலாம். 32 பிட் கவுண்டரில் அதிகபட்சம் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295 பைட்டுகள்தான் அடங்கும். அதாவது ஏறத்தாழ 4.3 ஜிபி. அடுத்த பைட் வந்ததும் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். எஸ்என்எம்பி உருவான 1988இல் இது தீராத எண்ணாகத் தோன்றியிருக்கும். 100 எம்பிபிஎஸ் இணைப்பை முழு வேகத்தில் ஓட்டினால் 344 நொடிகளில், அதாவது ஆறு நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். 1 ஜிபிபிஎஸ் என்றால் 34 நொடிகள். ஒருமுறை பூஜ்யமானால் மென்பொருள் புரிந்துகொண்டு ஈடுகட்டும். ஐந்து நிமிட இடைவெளிக்குள் இரண்டு முறை சுற்றிவிட்டால் அதற்குத் தெரிய வழியே இல்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படிப்பவர்களுக்கு இந்த ஆபத்து 115 எம்பிபிஎஸ் அளவிலேயே தொடங்கிவிடுகிறது. ‘200 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறினேன், வரைபடம் முன்பைவிடக் குறைவாகக் காட்டுகிறது’ என்று யாராவது சொன்னால், முதலில் இங்கேதான் பார்க்க வேண்டும். 64 பிட் கவுண்டரைப் படிக்கச் சொன்னால் சிக்கல் ஒழிந்தது. அது 1 ஜிபிபிஎஸ் வேகத்தில் சுற்றி முடிக்க 4,600 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். எஸ்என்எம்பியின் முதல் பதிப்பில் அந்தக் கவுண்டர் கிடையாது. 2சி பதிப்பையோ அதற்குப் பிந்தையதையோ தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடுத்தது மின்வெட்டு. நம் ஊரில் இதைத் தனியே பேசியாக வேண்டும். மின்சாரம் போய் வந்தால் கவுண்டர்கள் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். போன முறை 300 கோடி என்று படித்த மென்பொருள், இப்போது 5 லட்சம் என்று பார்க்கிறது. கவுண்டர் சுற்றி வந்துவிட்டது என்று அது தவறாக முடிவுசெய்தால், ஐந்து நிமிடத்தில் 130 கோடி பைட்டுகள் ஓடியதாக எழுதிவிடும். மின்சாரமே இல்லாத நேரத்தில் 34 எம்பிபிஎஸ் பாய்ந்ததாக ஒரு கூர்முனை வரைபடத்தில் நிற்கும். அதைப் பார்த்துவிட்டு யாரோ ஊடுருவிவிட்டார்கள் என்று பதறுபவர்கள் உண்டு. முன்பைவிடச் சிறிய எண் வந்தால் அந்த இடைவெளியை ‘தெரியவில்லை’ என்று விட்டுவிடும்படி அமைப்பதே சரி. தெரியாததைப் பூஜ்யம் என்று எழுதுவதும் இதே அளவுக்குத் தவறு. வரைபடத்தில் வெற்றிடம் இருந்தால் அது நேர்மையான வெற்றிடம். அதை நிரப்பச் சொல்லாதீர்கள்.

மின்வெட்டால் கடிகாரமும் கெடும். ராஸ்பெரி பை 4 வரையிலான மாடல்களில், மின்சாரம் இல்லாதபோது ஓடும் கடிகாரமே கிடையாது. 5இல் உண்டு, அதற்கான பேட்டரியைத் தனியே வாங்கி மாட்ட வேண்டும். மின்சாரம் திரும்பியதும் அந்தச் சிறு கணினி சில நொடிகளில் விழித்துவிடும். ஃபைபர் பெட்டி எழுந்து இணைப்பைப் பிடிக்க அதைவிட நேரமாகும். அந்த இடைவெளியில் சர்வர், தான் கடைசியாகச் சேமித்த பழைய நேரத்தையே இப்போதைய நேரம் என்று நம்பிக்கொண்டிருக்கும். பதிவேட்டில் இருக்கும் கடைசி நேரம் அதைவிடப் பிந்தையதாக இருந்தால், மென்பொருள் புதிதாக எழுதாமல் நின்றுவிடலாம். இணையத்திலிருந்து நேரம் சரிசெய்யப்பட்ட பிறகே கண்காணிப்பு தொடங்கும்படி வரிசைப்படுத்தினால் தொல்லை தீரும்.

சில ரவுட்டர்களில் வேகத்துக்காக, ஓர் இணைப்பின் முதல் சில பாக்கெட்டுகளை மட்டும் மையச் செயலி பார்த்துவிட்டு, மீதியைத் தனிச் சில்லிடம் ஒப்படைத்துவிடும். சாதனவாரியாக எண்ணும் மென்பொருளுக்கு அந்த மீதி தெரியவே தெரியாது. அந்த வசதியை அணைத்தால் கணக்குச் சரியாகும், மலிவான ரவுட்டரில் வேகம் குறையும். எது வேண்டும் என்பதை நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும். போன்களும் குழப்புகின்றன. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் வெவ்வேறு போலி முகவரியைப் போன் காட்டுகிறது. உங்கள் வீட்டில் இரண்டு வைஃபை பெயர்கள் இருந்தால் ஒரே போன் பட்டியலில் இரண்டு சாதனங்களாக நிற்கும்.

பழைய வரைபடங்களைப் படிப்பதிலும் எச்சரிக்கை தேவை. இடத்தை மிச்சப்படுத்த, நாள்பட்ட பதிவுகளை எம்ஆர்டிஜி சராசரியாக்கிவிடும்: வார வரைபடத்தில் அரை மணிக்கு ஒரு புள்ளி, மாதத்தில் இரண்டு மணிக்கு ஒன்று, ஆண்டில் நாளுக்கு ஒன்று. ஐந்து நிமிடம் 90 எம்பிபிஎஸ் ஓடிய ஒரு பதிவிறக்கம், வேறெதுவும் நடக்காத நாளில், ஆண்டு வரைபடத்தில் 0.3 எம்பிபிஎஸ் என்று சுருங்கிவிடும். சராசரியோடு உச்ச அளவையும் சேமிக்கச் சொல்லுங்கள்.

இத்தனையும் சரியா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. வேறு யாரும் இணையத்தைத் தொடாத நேரத்தில், அளவு துல்லியமாகத் தெரிந்த ஒரு கோப்பை, உதாரணமாக 1,000 எம்பி கோப்பை, இறக்குங்கள். கவுண்டர் 1,045 எம்பி அளவில் ஏறியிருந்தால் உங்கள் மீட்டர் ஆரோக்கியமாக இருக்கிறது. கூடுதலான நாலரை விழுக்காடு, ஒவ்வொரு பாக்கெட்டின் தலையிலும் ஒட்டிய முகவரி விவரங்களின் எடை. எட்டு மடங்கு வித்தியாசம் தெரிந்தால் பிட்டையும் பைட்டையும் குழப்பியிருக்கிறீர்கள். ஏழு விழுக்காடு குறைவாகத் தெரிந்தால், மென்பொருள் 1,024 கணக்கில் ‘ஜிபிபைட்’ காட்டுகிறது; இணைய நிறுவனத்தின் 3,300 ஜிபி அந்தக் கணக்கில் 3,073தான்.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு என்று கேட்பவர்கள் 2016 அக்டோபர் 21ஐ நினைத்துப் பார்க்கலாம். அன்று, தளங்களின் பெயர்களை இணைய முகவரிகளாக மாற்றித்தரும் அமெரிக்காவின் டைன் நிறுவனத்தின் மீது நடந்த தாக்குதலால் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உட்படப் பல தளங்கள் ஏராளமானோருக்குக் கிடைக்காமல் போயின. தாக்கியவற்றில் பெருமளவு, தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல் மாற்றப்படாத வீட்டுக் கேமராக்களும் வீடியோ பதிவுப் பெட்டிகளும். மிராய் என்ற நச்சுநிரல் அறுபதுக்குச் சற்று மேற்பட்ட பழகிய கடவுச்சொற்களை மாற்றி மாற்றி முயன்றே அவற்றுக்குள் நுழைந்திருந்தது. கேமரா வழக்கம்போல் படம் காட்டிக்கொண்டிருக்கும். வெளியே போகும் பைட்டுகளின் கோடுதான் காட்டிக்கொடுக்கும். வழக்கமான நாளில் அந்தக் கோடு எப்படி இருக்கும் என்று தெரிந்திருந்தால் மட்டுமே மாற்றம் கண்ணில் படும். ஆகவே ‘வரும்’ கோட்டைவிட ‘போகும்’ கோட்டையே அதிகம் கவனியுங்கள். சந்தேகம் வந்தால், இந்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா 2017 முதல் இலவசமாகத் தரும் சுத்திகரிப்புக் கருவிகள் இருக்கின்றன.

எண்ணுவதற்கும் வேவு பார்ப்பதற்கும் இடையே ஒரு கோடு இருக்கிறது. எந்த அறையில் யார் எத்தனை மணிவரை விழித்திருந்தார்கள் என்பதை இந்தப் பதிவேடு சொல்லிவிடும். மனைவியோ மகளோ எந்தத் தளத்துக்குப் போனார்கள் என்ற பட்டியல் மாத வரம்பைக் கணக்கிடத் தேவையே இல்லை. மொத்த அளவை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், தளங்களின் பெயர்களைச் சேமிக்காதீர்கள், வரைபடப் பக்கத்தை வெளி இணையத்துக்குத் திறந்துவைக்காதீர்கள். கண்காணிப்பைத் தொடங்கும் முன் வீட்டில் உள்ள அனைவரிடமும் சொல்லிவிடுங்கள். வரைபடத்தை அவர்களும் பார்க்கட்டும்.