உங்களுக்குத் தெரியுமா? குட்டி யானைக்கு ஏசி கட்டாயமில்லை!
இந்தியாவில் 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏசி கட்டாயம். ஆனால் சரக்கோடு சேர்த்து 3.5 டன்னைத் தாண்டும் வண்டிகளுக்குத்தான் இந்த விதி. தெருத்தெருவாகத் தண்ணீர் கேனும் பீரோவும் இறக்கும் ‘குட்டி யானை’ டாடா ஏஸ் இதில் வராது. டீசல் ஏஸில் இன்ஜின் இருப்பதே சீட்டுக்கு அடியில்! சித்திரை வெயிலில் தலைக்கு மேலும் சூடு, கீழும் சூடு.

பெரிய லாரிக்காரர்களுக்கு வேறு தொல்லை. அவசரத்தில் கேபினிலிருந்து குதித்தால் முழங்காலும் கணுக்காலும் அடி வாங்கும். கேபினைப் பார்த்தபடி, இரு கை, இரு கால் நான்கில் மூன்றாவது வண்டியில் ஊன்றியிருக்க இறங்குவதே முறை. நெடுநேரம் ஓட்டியபின் உடனே மூட்டை தூக்கவும் கூடாது. அதிர்விலேயே உட்கார்ந்திருந்த முதுகு அப்போது எளிதில் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் நடந்துவிட்டுத் தார்ப்பாயை அவிழ்க்கலாம்.