குளோரின் கடைசித் தெரு வரை போகிறதா?

மேல்நிலைத் தொட்டியின் தூணில் 'சுத்தம் செய்த நாள், அடுத்து சுத்தம் செய்யும் நாள்' என்று பெயிண்டில் எழுதியிருப்பதை எல்லா ஊரிலும் பார்க்கலாம். அந்தத் தேதிகள் ஒழுங்காக மாறிவந்தாலே தண்ணீர் நல்ல தண்ணீர் என்று நம்பிவிடுகிறோம். தொட்டிக்கும் வீட்டுக் குழாய்க்கும் நடுவே நடப்பதை அந்தத் தூண் சொல்லாது.

1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது நம் ஊராட்சிகளில் பழகிய கணக்கு. 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரைமணி நேரமாவது கழித்துத்தான் வால்வைத் திறக்க வேண்டும். மூட்டையைப் பிரித்தபடியே போட்டுவைத்தால் காற்றும் ஈரமும் பட்டு பவுடரின் வீரியம் போய்விடும். அப்புறம் அளந்து போட்டும் பலனில்லை.

பெரிய ஆபத்து குழாயில் இருக்கிறது. நம் ஊர்களில் தண்ணீர் சில மணி நேரம்தான் வருகிறது. விட்டு நிறுத்தியதும் குழாய் காலியாகி, விரிசல் இருக்கும் இடத்தில் வெளியே தேங்கிய சாக்கடையை உள்ளே இழுக்கிறது. தண்ணீர் ஏறாத தெருக்களில் பள்ளம் தோண்டி, தரைமட்டத்துக்குக் கீழே குழாய் வைத்திருப்பார்கள். குடம் கழுவிய நீரும் மழைநீரும் அந்தப் பள்ளத்தில்தான் நிற்கும். அழுத்தம் குறைந்ததும் குழாய்க்குள் போகும். வீட்டு மோட்டாரை நேரடியாகக் குழாயில் மாட்டி உறிஞ்சுகிறவர்கள் தெரு முழுவதற்கும் இந்த ஆபத்தைக் கூட்டுகிறார்கள். உள்ளே புகும் அழுக்கோடு போராடியே குளோரின் தீர்ந்துபோகும். பாதிக்கப்படுவது பெரும்பாலும் கடைசித் தெரு. பல ஊர்களில் அது ஏழைகளின் தெரு.

அதனால் சோதனையை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கடைசி வீட்டுக் குழாயில் பிடித்த நீரைச் சிறு கண்ணாடிக் குழாயில் ஊற்றி, ஆர்த்தோடாலிடின் சில சொட்டு விட்டால், குளோரின் இருக்கும் நீர் மஞ்சளாகும். நிறம் மாறாவிட்டால் குளோரின் இல்லை. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500, லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது. கிருமி இருக்கிறதா என்று பார்க்க எச்2எஸ் குப்பி உண்டு. கோடு வரை நீரை நிரப்பி மூடிவைத்தால், மலக் கலப்பு இருக்கும் நீர் 24 முதல் 48 மணி நேரத்தில் கறுத்துவிடும். பலர் வாங்கி வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டர் கரைந்த உப்பைக் காட்டுமே தவிர, கிருமியைக் காட்டாது.

ஜல் ஜீவன் திட்டத்தில் இந்தக் களச் சோதனைக்காக ஊருக்கு 5 பெண்களுக்குப் பயிற்சி தர வேண்டும். உங்கள் ஊரில் அவர்கள் யார், எந்தத் தெருக் குழாயில் நீர் எடுத்தார்கள், முடிவு என்ன என்று கிராம சபையில் கேளுங்கள். மார்ச் 22 உலக தண்ணீர் தினத்தன்றும் கிராம சபை கூடுகிறது. குப்பி கறுத்திருந்தால் அதுவரை காத்திருக்க வேண்டாம். அன்றே ஊராட்சிக்கும் சுகாதார ஆய்வாளருக்கும் சொல்லி, உடைப்பைக் கண்டுபிடித்து அடைத்து, மறுபடி குளோரின் கலந்து, அதே குழாயில் திரும்பச் சோதிக்கச் சொல்லுங்கள். புதுக் குப்பி கறுக்கவில்லை என்று தெரியும்வரை அந்தத் தெருவில் தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும்.