மேடும் பள்ளமும் – 14: நாற்காலியும் நிலமும்

பொன்முடி மலையின் அடிவாரத்தில், கல்லாற்றை ஒட்டிய காடுகளில் காணிக்காரர் என்ற பழங்குடியினர் வாழ்கிறார்கள். மலைத்தொடரின் மறுபக்கத்தில் குமரி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் அவர்களுக்குக் குடியிருப்புகள் உண்டு. கேரளச் சட்டமன்றத்தின் 140 இடங்களில் பட்டியல் சாதியினருக்கு 14, பழங்குடியினருக்கு 2. மானந்தவாடி, சுல்தான் பத்தேரி என்ற அந்த இரண்டு தொகுதிகளும் வடக்கே வயநாட்டில் இருக்கின்றன. திருவனந்தபுரம் மாவட்டத்துக் காணிக்காரருக்குத் தேர்தல் ஒதுக்கீட்டின் பலன் உள்ளாட்சியோடு நின்றுவிடுகிறது. அதுவும் 1994ஆம் ஆண்டுப் பஞ்சாயத்து ராஜ் சட்டத்துக்குப் பிறகு வந்ததுதான்.

இதே மாவட்டத்தின் வெங்கானூரிலிருந்துதான் தலித் தலைவர் அய்யன்காளி வந்தார். 1893இல் வில்வண்டியில் ஏறி, தம் சாதியினரான புலையர் நடக்கக்கூடாத பொதுச்சாலையில் போனவர். 1907இல் சாதுஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கினார். 1911இல் திருவிதாங்கூர் ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு நியமிக்கப்பட்டார். அவையில் அவர் வைத்த கோரிக்கைகளில் முக்கியமானது, தம் மக்களுக்குப் புதுவல் நிலம், அதாவது அரசுத் தரிசு நிலம், வேண்டும் என்பது. பிரதிநிதித்துவம் எதற்காக என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை.

தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் நாற்காலிகள் பிறகு ஒவ்வொன்றாக வந்தன. 1957இல் அமைந்த முதல் கேரள அமைச்சரவையில் பி.கே. சாத்தன் மாஸ்டர் இடம்பெற்றார். உழவூரில் பிறந்த கே.ஆர். நாராயணன் ஒற்றப்பாலம் தனித்தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்று, 1997இல் குடியரசுத் தலைவரானார். 2011இல் பி.கே. ஜெயலட்சுமி மாநிலத்தின் முதல் பழங்குடிப் பெண் அமைச்சர். ஆனால் தலித் முதலமைச்சர் ஒருவரைக் கேரளம் இதுவரை கண்டதில்லை, தமிழ்நாடும் கண்டதில்லை. 1964இல் பிறந்த மார்க்சிஸ்ட் கட்சி தன் அரசியல் தலைமைக்குழுவில் முதல் தலித்தைச் சேர்த்தது 2022இல், கண்ணூர் மாநாட்டில்.

நிலத்தின் கதை வேறு. 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த கேரள நிலச்சீர்திருத்தம் இந்தியாவிலேயே துணிச்சலானது என்று பெயர் பெற்றது. பெயருக்கு ஏற்ற காரியங்களும் அதில் உண்டு. குத்தகை முறை ஒழிந்தது, பயிரிட்ட குத்தகைதாரர் உடைமையாளர் ஆனார். ஆனால் தலித்துகளில் பெரும்பாலோர் குத்தகைதாரர்கள் அல்லர், கூலிக்கு உழுதவர்கள். அவர்களுக்குக் கிடைத்தது குடிகிடப்பு உரிமை, அதாவது குடிசை நின்ற இடம்: பஞ்சாயத்தில் 10 சென்ட், நகராட்சியில் 5, மாநகரில் 3. தேயிலை, ரப்பர், காப்பித் தோட்டங்களுக்கு நில உச்சவரம்பிலிருந்து விலக்கு. அதனால் பொன்முடிச் சரிவிலும் எஸ்டேட் எஸ்டேட்டாகவே இருந்தது, தொழிலாளி லயம் எனும் வரிசை வீட்டிலேயே இருந்தார். 1972இல் லட்சம் வீடு திட்டம் தொடங்கியது. கூரை கிடைத்தது, விளைநிலம் அந்தத் திட்டத்தில் இல்லை. நில உறவை மாற்றிய சட்டம், சாதிக்கும் நிலத்துக்கும் இருந்த உறவைப் பாதியிலேயே விட்டுவிட்டது என்பதுதான் நேர்மையான கணக்கு.

அமெரிக்கக் கறுப்பர்களின் வரலாற்றிலும் இதே இடைவெளி உண்டு. 1865 ஜனவரியில் ஜெனரல் ஷெர்மன், விடுதலையான அடிமைக் குடும்பங்களுக்கு 40 ஏக்கர் வரை பிரித்துக்கொடுக்க ஆணையிட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் நிலத்தைப் பழைய தோட்ட முதலாளிகளுக்கே திருப்பிவிட்டார். நூறு ஆண்டு கழித்து, 1965இல், வாக்குரிமைச் சட்டம் வந்தது. அப்போது பிரதிநிதிகள் சபையில் கறுப்பர் 6 பேர். இன்று 60 பேரளவில் இருக்கிறார்கள். இடையில் ஒபாமா இருமுறை அதிபரானார். ஆயினும் 2022ஆம் ஆண்டின் மத்திய வங்கிக் கணக்கெடுப்பில், இடைநிலை வெள்ளைக் குடும்பத்தின் சொத்து 2,85,000 டாலர், கறுப்புக் குடும்பத்தின் சொத்து சுமார் 45,000 டாலர். வாக்கு ஒரு தலைமுறையில் கைக்கு வந்துவிடும். சொத்து அப்பனிடமிருந்து மகனுக்கு வர வேண்டியது.

கேரளத்தில் சம்பள வேலையிலும் ஒரு வாசல் மூடியே இருக்கிறது. அரசு உதவிபெறும் தனியார் பள்ளி, கல்லூரிகளில் ஆசிரியரை நியமிப்பவர் மேலாளர், சம்பளம் கொடுப்பது அரசு; பட்டியல் சாதி, பழங்குடி ஒதுக்கீடு அங்கே நடைமுறையில் இல்லை.

காணிக்காரரின் அனுபவம் இதையெல்லாம் இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. 1987இல் அகத்தியமலைக் காட்டில் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டிச் சென்ற காணிக்காரர்கள், களைப்புத் தெரியாமலிருக்க ஒரு செடியின் காயைத் தின்றார்கள். அதுதான் ஆரோக்கியப் பச்சை. பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டம் அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கி, 1995இல் கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு 10 லட்ச ரூபாய்க்கும் 2 சதவீத உரிமத்தொகைக்கும் உரிமம் கொடுத்தது. இரண்டிலும் பாதி காணிக்காரருக்கு என்று முடிவானது. பழங்குடி அறிவுக்குப் பங்கு தந்த முன்னோடி ஏற்பாடு என்று உலகம் பாராட்டியது. அந்தப் பணத்தைப் பெறுவதற்கான அறக்கட்டளை 1997இல்தான் பதிவானது. 5 லட்சத்துச் சொச்சம் ரூபாய் 1999இல் அதன் கணக்குக்கு வந்தது. இதற்கிடையே காட்டில் இலை பறித்து விற்பதற்கு வனத்துறை தடையாக நின்றது. செடியைக் கண்டு சொன்னவருக்குப் பணத்தில் பங்கு இருந்தது, செடி முளைத்த மண்ணில் இல்லை. கல்லாற்றுக் காட்டு மருத்துவர் லட்சுமிக்குட்டிக்கு 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது. விருதுகளில் மட்டும் அரசு கஞ்சத்தனம் காட்டவில்லை.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இந்தக் குறையில் ஒரு பகுதியைத் தீர்த்தது. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே காட்டில் குடியிருந்து பயிரிட்ட பழங்குடிக் குடும்பத்துக்கு 4 ஹெக்டேர் வரை உரிமை உண்டு. சிறு வனப்பொருள்களைச் சேகரித்து விற்கும் உரிமையும் உண்டு. அந்த நிலம் பிள்ளைகளுக்குப் போகும். அதை விற்கவோ பிறர் பெயருக்கு மாற்றவோ சட்டம் இடம் தரவில்லை. அந்நியர் கைக்கு நிலம் போகாமல் காக்கும் அதே விதியால், அதை அடமானம் வைத்து வங்கியில் கடன் பெறுவதும் கடினம்.

(தொடரும்)