ஈயச்சொம்பும் அடுத்த கணினியும்

ஈயச்சொம்பில் ரசம் வைக்கும் வீடுகளில் ஒரு விதி உண்டு. முதலில் புளித்தண்ணீரை ஊற்று, அப்புறம் அடுப்பைப் பற்றவை. வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டுப் பேச்சில் லயித்தால், திரும்பிப் பார்க்கும்போது அதன் அடி உருகி பர்னரைச் சுற்றி வெள்ளிக்குளமாகக் கிடக்கும். பேச்சுவழக்கில் ஈயம் என்றாலும் அது வெள்ளீயம். 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். உள்ளே ரசம் இருக்கும்வரை சொம்பின் சூடு நூறைப் பெரிதாகத் தாண்டாது. தண்ணீர்தான் காவல்.

அதே வெள்ளீயம்தான் ஸ்ரீபெரும்புதூர் தொடங்கி ஒரகடம் வரை நீளும் தொழிற்பேட்டைகளில் நாள்தோறும் உருகி உறைகிறது. இங்கே நோக்கியா 2006-இல் கைபேசி செய்யத் தொடங்கியது. 2007-இல் டெல் நிறுவனம் கணினி ஆலை திறந்தது. எச்.பி.யின் கணினிகள் ஸ்ரீபெரும்புதூர் ஃப்ளெக்ஸ் ஆலையில் தயாராகின்றன. 2024 டிசம்பரில் டிக்ஸன் குழுமத்தின் பேட்ஜெட் நிறுவனம், ஒரகடத்தில் மடிக்கணினி ஆலை அமைக்கத் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் போட்டது. ஒரகடம் என்றாலே கார் என்று நினைக்கும் நமக்கு இந்தப் பட்டியல் கொஞ்சம் புதிதாகத்தான் இருக்கும்.

அடுத்து என்ன மாதிரி மேசைக் கணினி வரும், இப்போதே வாங்கலாமா, பொறுக்கலாமா என்று யாராவது கேட்டால், பதில் பெரும்பாலும் புராசஸரின் பெயரில் தொடங்கும். நான் ஈயத்தில் தொடங்குவேன். ஏனென்றால், வாங்கிய கணினியை நாளைக்கு நம் கையால் மேம்படுத்த முடியுமா என்பதைப் புராசஸரின் பெயர் சொல்லாது. எந்தப் பாகம் சொருகப்பட்டிருக்கிறது, எது ஈயத்தை உருக்கிச் சால்டர் வைத்து ஒட்டப்பட்டிருக்கிறது என்பதே சொல்லும். வரப்போகும் மாற்றங்களில் முக்கியமான சண்டை இந்த இரண்டுக்கும் இடையில்தான் நடக்கிறது.

சால்டர் எப்படி வைக்கப்படுகிறது என்பதே பார்க்கத் தெவிட்டாத காட்சி. எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் அதற்கு எஸ்.எம்.டி. லைன் என்று பெயர். வெற்றுப் பலகையின் மேல், துளைகள் வெட்டிய மெல்லிய எஃகுத் தகடு ஒன்று படியும். மார்கழியில் தெருவில் விற்பார்களே கோல அச்சு, அதேதான். மாவுக்குப் பதில் சாம்பல்நிறப் பசை. அந்தப் பசைக்குள் இருப்பவை நுண்ணிய உலோக உருண்டைகள். தலைமுடியின் பருமனில் பாதியோ அதற்கும் குறைவோ இருக்கும். அச்சைத் தூக்கினால் பலகை முழுக்கப் பசைப்புள்ளிகள். அடுத்து, எந்திரக் கைகள் மணிக்குப் பல்லாயிரம் என்ற கணக்கில் சில்லுகளை எடுத்து அந்தப் புள்ளிகளின் மேல் வைக்கும். கடுகைவிடச் சின்னப் பாகங்களும் அவற்றில் உண்டு. பிறகு பலகை ஒரு நீண்ட அடுப்புக்குள் ஊர்ந்துபோகும். சூடு படிப்படியாக ஏறி 245 டிகிரி அருகே உச்சம் தொட்டு இறங்கும். ஏறக்குறைய ஒரு நிமிடம் மட்டும் எல்லாப் புள்ளிகளும் திரவமாக நிற்கும்.

அந்த ஒரு நிமிடத்தில் ஒரு சின்ன அதிசயம் நடக்கிறது. இம்மியளவு கோணலாக வைக்கப்பட்ட சில்லை உருகிய உலோகத்தின் பரப்பு இழுவிசையே இழுத்து நேராக நிறுத்திவிடும். தாமரை இலையில் நீர்த்துளியை உருண்டையாக்கும் அதே விசை. எந்திரம் செய்த சிறு பிழையை இயற்கை திருத்திக் கொடுக்கிறது.

அந்தப் பசையில் பொதுவாக 96.5 சதவீதம் வெள்ளீயம், 3 சதவீதம் வெள்ளி, அரை சதவீதம் செம்பு. சுத்த வெள்ளீயம் 232-இல் உருகும். செம்போ வெள்ளியோ ஆயிரத்தை ஒட்டிய சூட்டுக்காரர்கள். ஆனால் மூன்றும் கலந்தால் 217-லேயே இளகத் தொடங்கிவிடுகிறது. முன்பு காரீயம் கலந்தார்கள், அந்தக் கலவை 183-இல் உருகும், வேலைக்கு வெகு சுலபம். காரீயம் நஞ்சு என்பதால் 2006 ஜூலை முதல் ஐரோப்பா அதைத் தடுத்தது. உலகச் சந்தைக்குச் செய்யும் ஆலைகள் எல்லாம் அடுப்பின் சூட்டைக் கூட்டிக்கொண்டன.

இனி சொருகும் பக்கத்துக்கு வருவோம். மேசைக் கணினியின் மதர்போர்டில் ராம் நினைவகத்துக்கென்று நிற்கும் நீளமான ஸ்லாட்டுகளை எல்லாரும் பார்த்திருப்போம். பாதி காலியாக இருக்கும். அந்தக் காலி இடம்தான் கணினியின் வருங்காலம். பணம் சேர்ந்ததும் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் இன்னொரு ராம் வாங்கிச் சொருகிக்கொள்ளலாம். நடுத்தரக் குடும்பங்களும் சின்னக் கடைகளும் பள்ளிகளும் கணினியைப் பத்து வருடம் ஓட்டியது இந்தக் காலி இடத்தின் தயவில்.

அந்த இடம் இப்போது ஆபத்தில் இருக்கிறது; ராமையும் சால்டர் வைத்து ஒட்டத் தொடங்கிவிட்டார்கள். நிறுவனங்களின் பேராசைதான் காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. அதுவும் கொஞ்சம் உண்டு. ஆனால் அடியில் இருப்பது இயற்பியல்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். மதர்போர்டின் செம்புத் தடத்தில் மின்குறி, ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய பாதியில் ஓடும். அதாவது ஒரு நானோ விநாடிக்குப் பதினைந்து சென்டிமீட்டர். 2000-களின் தொடக்கத்தில் வந்த டி.டி.ஆர். 400 வகை நினைவகம், ஒரு கம்பியில் விநாடிக்கு 40 கோடி பிட்டுகளை அனுப்பியது. அப்படியானால் ஒவ்வொரு பிட்டும் கம்பியில் சுமார் 37 சென்டிமீட்டர் நீளம் படுத்துக்கிடந்தது. வழக்கமான ஏ.டி.எக்ஸ். மதர்போர்டின் நீளமே 30.5 சென்டிமீட்டர்தான். ஒரே ஒரு பூஜ்யமோ ஒன்றோ, பலகையைவிட நீளமாக இருந்தது! இன்றைய டி.டி.ஆர். 5 விநாடிக்கு 640 கோடி பிட்டுகளை அனுப்பும்போது, ஒரு பிட்டின் நீளம் 2.3 சென்டிமீட்டர். கட்டைவிரலின் மேல்கணு அளவு. புராசஸரிலிருந்து ராமுக்குப் போகும் கொஞ்சத் தூரத்துக்குள் மூன்று நான்கு பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இப்படி ஓடும்போது யாரும் முந்தக் கூடாது, பிந்தக் கூடாது. காலை ஷிப்டுக்குக் காஞ்சிபுரத்திலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும் தாம்பரத்திலிருந்தும் புறப்படும் கம்பெனி பஸ்கள் ஆலை வாசலுக்கு ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும் என்று வையுங்கள். அருகிலிருந்து வரும் பஸ்ஸை ஊருக்குள் சுற்றவிட்டுத்தான் கொண்டுவர வேண்டும். மதர்போர்டில் ராம் அருகே பாம்புபோல நெளிந்து நெளிந்து போகும் செம்புக்கோடுகள் அப்படிச் சுற்றவிடப்பட்டவை. நேராகப் போனால் மற்றவற்றைவிடச் சில மில்லிமீட்டர் குறைந்துவிடும் என்பதால் வளைத்து நீளத்தைச் சமன் செய்திருக்கிறார்கள். அந்தக் கம்பிக்கூட்டத்துக்குக் கணினித் துறையிலும் பஸ் என்றுதான் பெயர்.

ஸ்லாட் இங்கேதான் தொல்லை தருகிறது. மின்குறி ஒரு கம்பியிலிருந்து ஊசிமுனைக்கும், அங்கிருந்து இன்னொரு பலகைக்கும் தாவும் ஒவ்வோர் இடத்திலும் அதில் ஒரு பங்கு மோதித் திரும்பும். கிணற்றுக்குள் கூப்பிட்டால் வரும் எதிரொலி மாதிரி. பிட்டுகள் நீளமாக, மெதுவாக இருந்தபோது எதிரொலி அடங்கக் காலம் இருந்தது. இப்போது முதல் பிட்டின் எதிரொலி மூன்றாம் பிட்டின் மேல் வந்து விழுகிறது. நான்கு ஸ்லாட்டுகளிலும் டி.டி.ஆர். 5 ராமைச் சொருகினால் பல கணினிகள் தம் நினைவக வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்வதன் காரணம் இந்தக் கூச்சல்தான். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

இதற்கு ஒரு சாட்சியும் உண்டு. கணினியை யாரும் தானே பிரித்துப் பழுதுபார்க்கலாம், பாகம் மாற்றலாம் என்ற கொள்கையையே வியாபாரமாகக் கொண்ட அமெரிக்க நிறுவனம் ஃப்ரேம்வொர்க். 2025 பிப்ரவரியில் அது தன் முதல் மேசைக் கணினியை அறிவித்தது. அதில் ராம் பலகையோடு சால்டர் செய்யப்பட்டிருந்தது! கழற்றும் வகையில் வைக்க, புராசஸர் தந்த ஏ.எம்.டி.யின் பொறியாளர்களோடு சேர்ந்து முயன்றோம், அந்த வேகத்தில் மின்குறி தாங்கவில்லை என்று விளக்கமும் சொன்னார்கள். கழற்றுவதற்காகவே பிறந்த நிறுவனத்தையே அந்த இரண்டு சென்டிமீட்டர் வளைத்துவிட்டது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. டெல் நிறுவனத்தின் பொறியாளர்கள் மூன்றாவது வழி ஒன்றைக் கண்டார்கள். ராமைச் செங்குத்தாக நிறுத்துவானேன், பலகையின் மேல் படுக்க வைத்துத் திருகிவிட்டால் என்ன? அடியில் நூற்றுக்கணக்கான சிறு வில்முனைகள் அழுந்தித் தொடும். தூரம் குறையும், எதிரொலி குறையும், திருகைக் கழற்றினால் ராம் கையோடு வரும். 2022-இல் டெல் தன் பிரிசிஷன் மடிக்கணினியில் இதை வைத்தது. 2023 டிசம்பரில் ஜெடெக் என்னும் உலகத் தர அமைப்பு இதைக் காம்2 என்ற பெயரில் பொதுத் தரமாக வெளியிட்டது. 2024-இல் எம்.எஸ்.ஐ. நிறுவனம் காம்2 பொருத்திய மேசைக் கணினி மதர்போர்டு ஒன்றைத் தைப்பேயில் காட்டியது.

என் கணிப்பைச் சொல்கிறேன். அலுவலகங்களுக்குப் போகும் சின்னப் பெட்டிக் கணினிகளில் ராம் பெரும்பாலும் சால்டராகிவிடும். பெரிய பெட்டிகளில் இப்போதைய ஸ்லாட் டி.டி.ஆர். 5 தலைமுறை முடியும்வரை நிற்கும், டி.டி.ஆர். 6 வரும்போது படுக்கை ராமுக்கு இடம் விடும். இதில் ஓர் இழப்பு உண்டு. காம்2-வில் வழக்கமாக ஒரே ஒரு தட்டுதான். பழையதோடு இன்னொன்றைச் சேர்க்க முடியாது; எடுத்துவிட்டுப் பெரியதாக ஒன்றை வாங்க வேண்டும். செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போக, 2025-இன் கடைசியில் ராம் விலை எகிறியதையும், மைக்ரான் நிறுவனம் க்ரூஷியல் என்ற தன் கடைவிற்பனைப் பெயரையே கைவிடுவதாக டிசம்பரில் அறிவித்ததையும் பார்த்தவர்களுக்கு, ‘சேர்ப்பது’ போய் ‘மாற்றுவது’ வருவதன் பாரம் புரியும். என்னைக் கேட்டால், இன்று வாங்குபவர்கள் வேகத்தில் ஒருபடி குறைந்தாலும் காலி ஸ்லாட் உள்ள பெட்டியையே வாங்க வேண்டும். 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு நின்றபோது, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடு இல்லை என்பது போன்ற காரணங்களால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ கணினிகள் அடுத்த பதிப்புக்குத் தகுதியில்லாமல் நின்றன. பெட்டிக்குள் இல்லாத ஒன்று அதன் ஆயுளையே முடித்துவிடும் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

துணைக்கருவிகளில் நடப்பது வேறு விதம். அங்கே கம்பிகள் குறைந்துகொண்டே போகின்றன. 24 முனைகள் கொண்ட சி வகை யு.எஸ்.பி. ஒன்றே மானிட்டருக்குப் படமும், டிஸ்க்குக்குத் தரவும், கணினிக்கு மின்சாரமும் கொண்டுபோகிறது. 2021-இல் வந்த விதிப்படி அதில் 240 வாட் வரை போகலாம்: 48 வோல்ட், 5 ஆம்பியர். ஆம்பியரைக் கூட்டாமல் வோல்ட்டைக் கூட்டியதன் காரணத்தை ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போனால் கண்ணால் காணலாம். வயல்களைத் தாண்டி நடக்கும் ஹைடென்ஷன் கோபுரங்களும் அதே விதிக்குக் கட்டுப்பட்டவை. மின்னோட்டம் இரட்டித்தால் கம்பியின் சூடு நான்கு மடங்கு. அதனால் அழுத்தத்தை ஏற்றி, ஓட்டத்தைக் குறைத்து அனுப்புகிறார்கள். சின்னப் பெட்டிக் கணினிகள் தமக்கென்று தனி மின்கம்பி இல்லாமல், மானிட்டரிலிருந்து வரும் ஒரே கம்பியில் ஓடுவது வெகு சீக்கிரம் சாதாரணமாகிவிடும்.

சார்ஜரும் சுருங்குகிறது. நோக்கியா விட்டுச்சென்ற வளாகத்தில் இன்று சால்காம்ப் நிறுவனம் சார்ஜர்கள் செய்கிறது. உலகெங்கும் சார்ஜர்களைச் சிறிதாக்கிவரும் பொருள் காலியம் நைட்ரைடு. சிலிக்கானைவிட வேகமாக மின்சாரத்தைத் திறந்து மூடும். திறந்து மூடும் வேகம் கூடினால் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் சிறுத்துப் போகும். இதே பொருள்தான் நீல எல்.இ.டி.யைச் சாத்தியமாக்கி 2014-இல் ஜப்பானில் பிறந்த மூன்று விஞ்ஞானிகளுக்கு நோபல் பரிசு வாங்கிக் கொடுத்தது. எல்.சி.டி. மானிட்டரின் பின்னாலிருந்து வரும் வெள்ளை ஒளியும் அந்த நீலத்தில் பிறப்பதே.

விளம்பரத்தில் வராத மேம்பாடு ஒன்று மிச்சம் இருக்கிறது. அது மறுபடி ஈயம். வெள்ளீயத்தோடு பிஸ்மத் கலந்த பசை 138 டிகிரியிலேயே உருகும். தனியாக வெள்ளீயம் 232, பிஸ்மத் 271. சேர்ந்தால் இரண்டையும்விட இத்தனை கீழே! ஐஸில் உப்பைப் போட்டால் பூஜ்யத்துக்குக் கீழேயும் அது உருகுமே, குல்ஃபிக்காரர் பானையில் நடப்பது, அதன் உலோக வடிவம் இது. லெனோவோ 2017-லேயே இந்த வழியைக் கையில் எடுத்தது. சில்லுகள் மெலிந்துகொண்டே வருவதால் 245 டிகிரியில் அப்பளம்போல விளிம்பு தூக்குகின்றன. அடுப்பைத் தணித்தால் அது குறையும், மின்சாரமும் மிச்சம். கீழே விழுந்தால் இந்தப் பற்று எளிதில் விரிசல் விடும் என்பதுதான் குறை. மேசையைவிட்டு நகராத கணினிக்கு அந்தக் குறை பெரிதல்ல. எனவே தணிந்த அடுப்பு மேசைக் கணினிகளில் பரவலாகும் என்று எதிர்பார்க்கிறேன். வாங்குபவர் யாருக்கும் அது தெரியாது.

கணினி பூட்டும் வரிசையில் ராமைச் சொருகுவது பெரும்பாலும் கைவேலை. மணிக்கட்டில் நிலைமின்சாரப் பட்டை, இரண்டு கட்டைவிரல்கள், ஓர் அழுத்தம்; இருபுறமும் கிளிப்புகள் ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளும். ராம் சால்டராகிவிட்டால் அந்த விரல்களின் வேலை அடுப்புக்குப் போய்விடும். படுக்கை ராம் வந்தால் அதே கைக்கு ஒரு திருப்புளி கிடைக்கும். சில திருகுகள், அளவான முறுக்கு. அந்தக் கணினி மூன்று வருடம் கழித்து ரிச்சி தெருவுக்கு வரும்போது, அதைத் திறப்பவருக்கும் அந்தத் திருப்புளி போதும். 217 டிகிரி தேவைப்படாது.