லண்டன் கழித்தது, தீவுக்குப் புதிது

பிறர் ஓட்டிக் கழித்த வண்டிகளை வாங்கியே காலம் தள்ளும் ஒரு குட்டி ரயில்வே, பிழைத்திருக்கப் பெரும் செலவு செய்தது. அதன் பழைய வண்டிகளைக் காப்பாற்றும் வேலையோ பக்கத்துத் தடத்தில் நடக்கிறது.

2021 ஜனவரி 3. இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டியுள்ள வைட் தீவில் அன்று கடைசி நடை ஓடி நின்ற மின்சார ரயிலுக்கு வயது 80-ஐத் தொட்டிருந்தது. 1938-ம் ஆண்டு ரகம் என்று பெயர் பெற்ற இந்தப் பெட்டிகள் லண்டன் பாதாள ரயிலுக்காகச் செய்யப்பட்டவை. ஹிட்லரின் விமானங்கள் குண்டு போட்ட நாட்களிலும் லண்டனில் ஓடியவை. 1988-ல் அங்கே ஓய்வு கொடுத்தார்கள். மறு ஆண்டே தீவில் மறுவேலை கிடைத்தது. அதிலும் 31 ஆண்டு உழைத்தாயிற்று. பிரிட்டனின் தேசிய ரயில்வேயில் அன்றாடப் பயணிகளை ஏற்றிச் சென்ற வண்டிகளில் இவையே மிகப் பழையவை.

இவற்றின் இடத்துக்கு வந்த 'புதிய' ரயிலின் வயது? நாற்பது. அதுவும் லண்டன் கழித்துப் போட்டதுதான்.

வேடிக்கையாகத் தோன்றலாம். உலகுக்கே ரயிலைக் கொடுத்த நாடு தன் சொந்தத் தீவுக்கு ஒரு புது ரயில் வாங்கித் தரக் கூடாதா என்று கேட்கலாம். தடையாக நிற்பது கஞ்சத்தனம் மட்டுமல்ல, ஒரு சுரங்கப்பாதையும்தான்.

வைட் தீவு சுமார் 380 சதுர கிலோமீட்டர். மக்கள் தொகை ஏறக்குறைய 1,40,000. பெருநிலத்திலிருந்து பாலம் கிடையாது. போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் படகு ஏறினால் அரை மணிக்குள் ரைடு என்ற ஊரின் கடற்பாலத்தில் இறக்கி விடுகிறார்கள். கடல் வற்றும்போது கரையோரம் வெறும் சேறும் மணலுமாக விரிந்து விடும். படகு கரை வரை வர முடியாது. அதனால்தான் 1814-லேயே கடலுக்குள் நீளமாக ஒரு பாலம் கட்டினார்கள். படகு நிற்பது அதன் நுனியில். 1880-லிருந்து ரயிலும் அங்கேயே வந்து நிற்கிறது. படகிலிருந்து இறங்கி, பெட்டி படுக்கையோடு சில அடி நடந்தால் ரயில்.

ரயில் கடலைத் தாண்டிக் கரைக்கு வந்த சூட்டோடு ஊருக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதையில் நுழைகிறது. கடல் மட்டத்தை ஒட்டிய இடம். வெள்ளம் புகுவது சகஜம். 1967-ல் பாதையை மின்மயமாக்கியபோது, தண்ணீருக்குத் தப்ப உள்ளே தண்டவாளத்தை உயர்த்தினார்கள். தண்டவாளம் உயர்ந்தால் கூரைக்கும் அதற்கும் இடைவெளி குறையும் அல்லவா? விளைவு: பிரிட்டனின் சாதாரண ரயில் பெட்டி எதுவும் இதற்குள் நுழையாது. தலை இடிக்கும். குள்ளமான பெட்டிகள் வேண்டும். குள்ளமான பெட்டிகள் இருப்பது லண்டனின் பாதாள ரயிலில்தான்.

தீவின் ரயில் வரலாறு 1862-ல் கௌஸ், நியூபோர்ட் ஊர்களை இணைத்த பாதையில் தொடங்குகிறது. இரண்டு ஆண்டில் ரைடிலிருந்து ஷாங்க்ளினுக்கும், 1866-ல் இன்னும் தெற்கே வென்ட்னருக்கும் ரயில் வந்தது. உச்ச காலத்தில் இந்தச் சின்னத் தீவில் சுமார் 55 மைல் பாதை இருந்தது. பிறகு பஸ்ஸும் காரும் வந்தன. 1952-ல் தொடங்கி ஒவ்வொன்றாக மூடினார்கள். 1963-ல் வந்த பீச்சிங் அறிக்கை எஞ்சியதையும் மூடச் சொன்னது. கடைசியில் மிஞ்சியது ரைடிலிருந்து ஷாங்க்ளின் வரை எட்டரை மைல். மணல் கடற்கரைக்கு வரும் உல்லாசப் பயணிகளின் கூட்டம்தான் அதைக் காப்பாற்றியது. 1966 டிசம்பர் 31-ல் நீராவி வண்டிகள் நின்றன. மூன்று மாதம் கழித்து, 1923-க்கும் 1934-க்கும் இடையில் செய்யப்பட்ட லண்டன் பெட்டிகள் மின்சாரத்தில் ஓடத் தொடங்கின. அவையும் அப்போதே நாற்பதை நெருங்கியவை.

நீராவிக் காலத்திலும் இதே கதைதான். லண்டன் புறநகர்ப் பாதைகளில் பெரிய இன்ஜின்கள் வந்ததும் அங்கே வேலை இழந்த சிறிய இன்ஜின்கள் படகேறித் தீவுக்கு வந்தன. தீவு நிரந்தரமாக செகண்ட் ஹேண்ட் வாடிக்கையாளர். ஒரு வகையில் அதுவே அதன் அதிர்ஷ்டம். பெருநிலத்தில் காயலான் கடைக்குப் போன பல சாமான்கள் இங்கே பிழைத்துக் கிடந்தன.

பழைய வண்டியை ஓட்டுவது ரசிகர்களுக்கு இன்பம், ஓட்டுபவர்களுக்கு அப்படியல்ல. 1938 ரகத்தில் ஒன்பது இரட்டைப் பெட்டித் தொடர்கள் தீவில் இயங்கின. உதிரிபாகம் செய்து தர யாரும் இல்லை. ரைடு பணிமனையில் ஒரு வண்டியைப் பிரித்து இன்னொன்றுக்கு உயிர் கொடுத்தார்கள். கடற்பாலத்தில் நாள்தோறும் அடிக்கும் உப்புக் காற்று இரும்பைத் தின்றது. முடிவில் ஒன்றிரண்டு தொடர்களை வைத்துக்கொண்டு சேவையை நடத்த வேண்டிய நிலை. ஒன்று படுத்து விட்டால் கால அட்டவணையே படுத்து விடும். பள்ளிக்கும் வேலைக்கும் போகிற தீவுக்காரருக்கு அது அருங்காட்சியகம் அல்ல, வராத ரயில்.

கால அட்டவணையிலும் ஒரு விசித்திரம் இருந்தது. ஒற்றைத் தடத்தில் எதிர் வண்டிக்கு வழிவிட, கிராஸிங்குக்கு இருந்த இரண்டு இடங்களின் அமைப்பு காரணமாக ரயில்கள் ஒருமுறை 20 நிமிடத்திலும் அடுத்த முறை 40 நிமிடத்திலும் வந்தன. படகுகளோடு இது பொருந்தவில்லை. பிரேடிங் நிலையத்தில் முன்பு மூன்றாவது கிராஸிங் இருந்தது. சிக்கனம் கருதி 1980-களில் அதைப் பிடுங்கி விட்டார்கள். ஒரு துண்டுத் தண்டவாளத்தை மிச்சம் பிடிக்கப் போய், முப்பது ஆண்டுக்கு மேல் பயணிகளைக் காக்க வைத்தார்கள்.

இதை மூடிவிடலாம், டிராம் ஆக்கலாம் என்றெல்லாம் யோசனைகள் வந்து போயின. 2019 செப்டம்பரில் முடிவு வந்தது: 2 கோடியே 60 லட்சம் பவுண்ட் செலவில் ரயிலாகவே வைத்து மேம்படுத்துவது. லண்டன் டிஸ்ட்ரிக்ட் தடத்தில் 1980 வாக்கில் ஓடத் தொடங்கி 2017-ல் கழிக்கப்பட்ட பெட்டிகளை விவாரெய்ல் என்ற கம்பெனி வாங்கி வைத்திருந்தது. அலுமினிய உடல், உப்புக் காற்றுக்குத் துருப்பிடிக்காது. உள்ளே எல்லாவற்றையும் மாற்றி ஐந்து இரட்டைப் பெட்டித் தொடர்கள் செய்தார்கள். சக்கர நாற்காலிக்கு இடம், செல்போனுக்கு சார்ஜ் ஏற்றும் வசதி. பெட்டியின் தளத்துக்கும் நடைமேடைக்கும் இருந்த உயர வித்தியாசத்தையும் நடைமேடைகளைத் திருத்திச் சரிக்கட்டினார்கள். பிரேடிங் கிராஸிங் திரும்ப வந்தது. இப்போது அரை மணிக்கு ஒரு ரயில் என்று அட்டவணை போட முடிகிறது. இந்தச் செலவில் மிகப் பெரிய லாபம் எது என்று கேட்டால், பளபளக்கும் பெட்டிகளை விட்டுவிட்டு அந்தக் கிராஸிங்கைத்தான் காட்டத் தோன்றுகிறது.

ஆனால் விலை பணத்தோடு முடியவில்லை. மூன்று மாதத்தில் திறப்பதாகச் சொல்லி மூடிய பாதை பத்து மாதம் மூடிக் கிடந்தது. மென்பொருள் கோளாறு, சோதனை ஓட்டத் தாமதம் என்று காரணங்கள் வந்தன. கோடைக் கூட்டம் முழுவதும் பஸ்ஸில் போனது. 2021 நவம்பர் 1-ல்தான் ரயில் ஓடியது. பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்று, 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கும் வரை மண்டபத்திலேயே இறங்கிப் போன ராமேஸ்வரத்துக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கக் கூடும். தீவுக்கு ரயில் போகிறது என்பதே ஒரு பலவீனமான ஏற்பாடுதான். கடல் ஒரு பக்கம், பழைய இரும்பு ஒரு பக்கம்.

அடுத்த அடிகளும் சீக்கிரமே விழுந்தன. 2022 அக்டோபரில் ரைடு கடற்பாலத்தின் ரயில் பகுதியைப் பழுது பார்க்க மூடினார்கள். திறந்தது 2023 கோடையில். இதற்கிடையே 2022 டிசம்பரில் விவாரெய்ல் கம்பெனியே நொடித்துப் போனது. வண்டியைச் செய்தவர் போய் விட்டார், வண்டி இருக்கிறது. தீவின் பணிமனைக்கு இந்த நிலைமை புதிதல்ல.

பழையவை என்ன ஆயின? இங்கேதான் கதை சுவாரசியமாகிறது. 1966-ல் நீராவி நின்றபோது சில இளைஞர்கள் பணம் திரட்டி 1891-ல் செய்த 'கால்போர்ன்' என்ற இன்ஜினையும் சில பெட்டிகளையும் விலைக்கு வாங்கினார்கள். அந்த ரகத்தில் உலகில் எஞ்சியிருப்பது அது ஒன்றுதான். நியூபோர்ட் தடத்தைப் பிடுங்குவதற்கு முன்பு, 1971 ஜனவரியில், எல்லாவற்றையும் ஹேவன்ஸ்ட்ரீட் என்ற கிராமத்து நிலையத்துக்கு ஓட்டிச் சென்று விட்டார்கள். அதுவே இன்று ஐந்தரை மைல் நீளமுள்ள வைட் தீவு நீராவி ரயில்வே.

இவர்களின் பெட்டி மராமத்து தனிக் கலை. நூறு ஆண்டுகளுக்கு முன்பு தீவில் கழித்த பெட்டிகளின் உடல்களைச் சக்கரம் நீக்கி விற்று விடுவார்கள். வாங்கியவர்கள் அவற்றைக் கடற்கரை வீடாகவும் தோட்டத்துக் கொட்டகையாகவும் வைத்துக்கொண்டார்கள். மேலே கூரை போட்டு மூடியதால் உள்ளிருந்த மரம் கெடாமல் பிழைத்தது. தொண்டர்கள் அவற்றைத் தேடிப் பிடித்து, பிற்காலத்துச் சரக்கு வேன்களின் அடிச்சட்டத்தில் ஏற்றி, மறுபடி ஓட விட்டிருக்கிறார்கள். விக்டோரியா ராணி காலத்து உடல், வேறொரு காலத்துச் சக்கரம். இது அசலா என்று பண்டிதர்கள் விவாதிக்கலாம். நீலகிரி மலை ரயிலுக்கு நம் பொன்மலைப் பணிமனை பழைய வடிவத்தில் புத்தம் புதிய நீராவி இன்ஜின்களையே செய்து கொடுத்தது. ரயிலை ரயிலாக வைத்துக் காக்க வேண்டுமானால் அது ஓட வேண்டும். ஓட வேண்டுமானால் தேய்ந்ததை மாற்றித்தான் ஆக வேண்டும்.

நீராவிக்காரர்களுக்கும் கவலைகள் உண்டு. பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கங்கள் அடுத்தடுத்து மூடி விட்டன. இன்ஜினுக்கு ஏற்ற கரியை வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டியிருக்கிறது. கரியில் பிறந்த ரயில்வே தேசம், தன் பழைய இன்ஜினைப் பற்ற வைக்க இறக்குமதியை நம்பி நிற்கிறது.

2021-ல் ஓய்வு பெற்ற 1938 ரக மின்ரயிலில் ஒரு தொடர், எண் 007, ஹேவன்ஸ்ட்ரீட்டுக்கே வந்து சேர்ந்தது. (ஜேம்ஸ் பாண்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) வேறு சில தீவை விட்டு வெளியேறின, சில உடைபட்டன. நீராவி இன்ஜினைக் காப்பது ஒரு வகையில் எளிது. கரியும் தண்ணீரும் இருந்தால் எந்தத் தடத்திலும் ஓடும். மின்ரயில் அப்படியல்ல. பக்கத்தில் மின்சாரம் பாயும் மூன்றாவது தண்டவாளம் வேண்டும். ஹேவன்ஸ்ட்ரீட் தடத்தில் அது இல்லை. கரிய புகையும் விசிலும் இல்லாத ஒரு புறநகர் வண்டிக்கு நன்கொடை தர எத்தனை பேர் முன்வருவார்கள் என்பதும் கேள்வி. அந்த வண்டியில் பள்ளிக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். அவர்கள்தான் அதற்கு ஆதரவு.

இதற்கிடையே, 1966-ல் மூடிய ஷாங்க்ளின்-வென்ட்னர் பாதையைத் திறக்க வேண்டும் என்ற கோரிக்கை தீவில் அடங்கவில்லை. வென்ட்னர் நிலையம் இருந்த இடத்தில் இன்று தொழிற்கூடங்கள். மூடிய பாதைகளைத் திறப்பதற்கென்று பிரிட்டிஷ் அரசு வைத்திருந்த திட்டத்தையே 2024-ல் ரத்து செய்து விட்டது. 2025 மே மாதம் இந்தத் தடத்தை நடத்திய சவுத் வெஸ்டர்ன் ரயில்வே அரசுடைமையாகியிருக்கிறது. எட்டரை மைல் பாதையின் கணக்கு லண்டனில் யார் மேசையில் எத்தனையாவது பக்கத்தில் இருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

இரண்டு ரயில்வேக்களும் சந்திக்கும் இடம் ஸ்மால்புரூக் ஜங்ஷன். 1991-ல் திறந்தது. வயலுக்கும் மரங்களுக்கும் நடுவே ஒரு நடைமேடை, அவ்வளவுதான். ஊர் இல்லை, சாலை இல்லை. ரயிலில் வந்து ரயிலில் போவதைத் தவிர அங்கே செய்ய ஒன்றுமில்லை. நீராவி ஓடும் நாட்களில் மட்டும் மின்ரயில் அங்கே நிற்கிறது. ரைடிலிருந்து வருகிறவர்கள் லண்டன் கழித்த பெட்டியிலிருந்து இறங்கி, தீவு கழித்த பெட்டியில் ஏறிக்கொள்கிறார்கள்.