தட்டைக் கூரையில் தேங்கும் நீர்

மழைவளம் மிக்கது நம் மலேசியத் திருநாடு. ஆண்டொன்றுக்குச் சராசரியாக 2,000 மில்லிமீட்டருக்கும் மேலாக இங்கு மழை பெய்கிறது. லயத்து வீடுகளின் தகரக் கூரை சரிவானது; பெய்த நீர் உடனே வழிந்துவிடும். பள்ளி முகப்பு, கழிவறைக் கட்டடம் போன்றவற்றின் சிமெண்டுக் கூரையோ தட்டையானது. அதன்மேல் தேங்கும் நீர் நம் கண்ணிற்குப் படுவதில்லை. ஆதலால் நாம் அதனைப் பொருட்படுத்துவதுமில்லை.

இதனால் விளையும் கேடுகள் மூன்று. முதலாவது, பாரம். 3 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள இடத்தில் 5 செண்டிமீட்டர் ஆழத்திற்கு நீர் நின்றால், அதன் எடை 450 கிலோகிராம். அஃது 10 கிலோ அரிசி மூட்டைகள் 45-ஐ நம் தலைக்கு மேல் அடுக்கியதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, கசிவு. சிறு வெடிப்புகளின் வழியே இறங்கும் நீர், உள்ளிருக்கும் இரும்புக் கம்பிகளைத் துருப்பிடிக்கச் செய்யும். துருவேறிய கம்பி பருத்துச் சிமெண்டைப் பிளக்கும். பெயர்ந்த துண்டு கீழே நிற்கும் பிள்ளையின்மேல் விழக்கூடும்.

மூன்றாவது, கொசு. ஒரு மங்கு அளவு நீரே ஏடிஸ் கொசு பெருகப் போதுமானது. முட்டை கொசுவாகிப் பறக்க ஏறத்தாழ 7 முதல் 10 நாள்கள் ஆகும். அது பரப்பும் டெங்கிக் காய்ச்சல் உயிருக்கே உலை வைக்கும். கொசு பெருக இடமளிப்பது 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமுமாகும்.

நீர் தேங்குவதேன்? பெரும்பாலும் வடிதுளையை இலைகள் அடைத்துக்கொள்வதே காரணம். பால்மரங்கள் இலையுதிர்க்கும் காலத்தில் இது மிகுதி. சில கூரைகளில் சரிவு போதாது. 10 அடிக்கு ஒன்றரை அங்குலமேனும் சரிவு வேண்டும்.

மழை ஓய்ந்து இரண்டு நாள்களாகியும் நீர் வற்றவில்லையெனில், அக்கூரையைச் செப்பனிட வேண்டும். வடிதுளையைத் துப்புரவு செய்து, அதன்மேல் கம்பி வலை பொருத்துக. பள்ளமான இடத்தைத் தேய்த்துக் கழுவி, மெல்லிய சிமெண்டுப் பூச்சால் சரிவமைத்து, நீர்புகாப் பூச்சு இடுக. சிமெண்டைக் கனமாகக் கொட்டினால் பாரமே கூடும். நீரை வடிக்கவெனத் தளத்தில் புதுத் துளையிடுவதும் தவறு. உள்ளிருக்கும் கம்பி அறுபடும். இவையனைத்தும் கைதேர்ந்த கொத்தனார் செய்யவேண்டியவை.

மாணவச் செல்வங்களே! நீங்கள் கூரைமீது ஏறுதல் கூடாது. ஆயினும் உங்களுக்கும் ஒரு பணி உண்டு. மழை பெய்யும்போது கூரைக் குழாயின் வாயைக் கீழிருந்தே நோக்குங்கள். அங்கு நீர் கொட்டவில்லையெனில், மேலே தேங்குகிறது என்பது பொருள். அன்றே ஆசிரியரிடம் கூறுங்கள். வருமுன் காப்பதே அறிவுடைமை.